சக்கர நாற்காலிக்கான இடத்தில் தள்ளுவண்டியோடு நின்றேன்: நகர்ந்து கொடுப்பது சட்டமா, மரியாதையா?

மழைக்காலத் தாய் எழுதியது:

வணக்கம். மதுரைப் பக்கத்திலிருந்து லண்டனுக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறாள். சென்ற செவ்வாய்க்கிழமை நடந்த ஒன்று மனத்தை விட்டு அகல மறுக்கிறது. வீட்டில் சொன்னபோது ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள் என்பதால், இந்த ஊர்ப் பேருந்துகளின் நடைமுறை அறிந்தவர்களிடமே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

அன்று குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஊசி வலியில் அரை மணி நேரம் அழுதவள் பேருந்தில் ஏறிய பிறகுதான் உறங்கினாள். நடுக்கதவுக்கு எதிரே உள்ள அகன்ற இடத்தில் தள்ளுவண்டியை நிறுத்தியிருந்தேன். வண்டியின் அடித்தட்டில் வாரத்துக்கான மளிகைச் சாமான்கள் இருந்தன. அருகில் இன்னொரு தள்ளுவண்டியும் அதன் தாயும் இருந்தனர். இரண்டு நிறுத்தங்கள் தாண்டியதும், சக்கர நாற்காலியில் காத்திருந்த ஒரு பெண்மணி கை காட்டிப் பேருந்தை நிறுத்தினார். சக்கர நாற்காலிக்கு இடம் தேவைப்படுகிறது என்னும் பதிவுசெய்த அறிவிப்பு ஒருமுறை ஒலித்தது. நான் அந்த இன்னொரு தாயைப் பார்த்தேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். குழந்தையைத் தூக்கினால் விழித்துவிடுவாளே, ஒரு கையால் வண்டியை மடக்கத் தெரியாதே, சாமான்களை எங்கே வைப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்த அரை நிமிடத்துக்குள், வெளியே இருந்த பெண்மணி "பரவாயில்லை, அடுத்ததில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டார். ஓட்டுநர் கதவை மூடிக்கொண்டு புறப்பட்டார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"கைக்குழந்தைக்காரியை எழுப்புகிற வழக்கம் எந்த ஊரில் உண்டு?" என்கிறார் மாமியார். சட்டப்படி நான் இறங்கியே ஆக வேண்டும் என்கிறார் கணவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட சிக்கல் எழுந்தால் நடத்துநர் ஒரு குரல் கொடுப்பார், அவர் சொன்னதே தீர்ப்பு. நகர்ந்தவருக்கும் அதில் அவமானம் இல்லை, நகர்த்தியவருக்கும் பொல்லாப்பு இல்லை. இங்கே அந்த முடிவை நாமே எடுக்க வேண்டியிருக்கிறது. உண்மையில் விதி என்ன, உறங்கும் குழந்தையோடு தனியாகப் பயணம் செய்பவர் நடைமுறையில் என்ன செய்ய முடியும் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


இளைப்பாறிய சாரதி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். லண்டனில் பதினெட்டு வருடங்கள் சிவப்பு பஸ் ஓட்டிவிட்டு அண்மையில்தான் இளைப்பாறினேன். நீங்கள் சொன்ன காட்சியைச் சாரதி இருக்கையிலிருந்து எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் போக்குவரத்து ஆணையத்தின் நடைமுறைப்படி, அந்த இடத்தில் மற்ற எவரையும் விடச் சக்கர நாற்காலியில் வருபவருக்கே முன்னுரிமை. இடம் வெறுமையாக இருக்கும் வரையில் பிள்ளைத் தள்ளுவண்டியை விரித்தபடியே அங்கே நிறுத்தலாம். சக்கர நாற்காலி வந்துவிட்டால் வண்டியை நகர்த்த வேண்டும், அல்லது மடக்க வேண்டும். அதாவது உங்களுக்குக் கிடைத்தது இரவல் இடம். இரவல் கொடுத்தவர் தரிப்பிடத்தில் வந்து நிற்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் இப்படி என்பதைப் பயணிகள் பலரும் அறிவதில்லை. அந்த இடம் வெறும் அகலத்துக்காக விடப்பட்ட வெற்றுத் தரை அன்று. 2000ஆம் ஆண்டின் பஸ் அணுகல் ஒழுங்குவிதிகள் அதற்கென்று குறைந்தது 1300 மில்லிமீட்டர் நீளமும் 750 மில்லிமீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்று விதிக்கின்றன. சக்கர நாற்காலியில் இருப்பவர் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, அங்கே பொருத்தப்பட்டுள்ள உயர்ந்த முதுகுப்பலகையோடு நாற்காலியின் பின்புறம் ஒட்டும்படி நிற்க வேண்டும். நான் சடுதியாகப் பிரேக் பிடித்தால் அந்தப் பலகைதான் அவரைத் தாங்கும். அவருக்கு வேறு கட்டோ வாரோ பெரும்பாலும் இல்லை. ஆகவே "கொஞ்சம் தள்ளி நிற்கட்டுமே, இருக்கைகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் நிற்கட்டுமே" என்று சொல்பவர்கள் அறியாமல் சொல்கிறார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உங்களால் எந்த இருக்கையிலும் அமர முடியும். அவருக்கு முழு பஸ்ஸிலும் அந்த ஓர் இடத்தைத் தவிர வேறு இடமே கிடையாது.

இனி சாரதியின் பங்கு. உங்கள் மேல் இருக்கும் பிழையை விட அன்றைய சாரதி மேல் இருக்கும் பிழை பெரிது என்றே நான் சொல்வேன். அறிவிப்புப் பொத்தானை ஒரு தடவை அழுத்துவது வேலையின் தொடக்கம் மட்டுமே. நான் செய்தது இதுதான்: முதலில் நடுக்கதவால் இறங்க வேண்டியவர்களை இறங்கவிடுவேன். பிறகு ஒலிவாங்கியில் என் சொந்தக் குரலில், "நடுவில் தள்ளுவண்டி வைத்திருக்கும் இரு அம்மாக்களும் தயவுசெய்து இடம் விடுங்கள், உங்களுக்கு உதவி தேவையென்றால் பக்கத்தில் இருப்பவர்கள் உதவுங்கள், அவசரமில்லை, நான் காத்திருக்கிறேன்" என்று சொல்வேன். "காத்திருக்கிறேன்" என்ற அந்தச் சொல்லில்தான் முழு வித்தையும் இருக்கிறது. பதிவுசெய்த குரலை யாரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. சாரதி ஆளைச் சுட்டிப் பேசினால் பக்கத்தில் இருப்பவர்களே எழுந்து பைகளைப் பிடிப்பார்கள். இடம் விட்டதும் கதவுகளை மூடிவிட்டுத்தான் சாய்தளத்தை வெளியே விட முடியும். அது பீப் பீப் என்று கத்திக்கொண்டு நடைமேடை விளிம்பில் போய்ப் படிய வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகும். வானொலியில் கட்டுப்பாட்டு அறை "ஏன் தாமதம்" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சில இளம் சாரதிகள் கதவை மூடிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நடைமுறை யோசனைகள் சில. பஸ் பயணத்துக்கென்று ஒரு கையால் மடங்கும் இலேசான வண்டி ஒன்று வைத்திருங்கள். கைப்பிடியில் பைகளைத் தொங்கவிடாதீர்கள். மடக்க முடியாமற் போவது பெரும்பாலும் வண்டியால் அல்ல, சாமானால்தான். பக்கத்தில் இருப்பவரிடம் "வண்டியை மடக்கித் தாருங்கள்" என்று கேளுங்கள், ஆனால் பிள்ளையை மட்டும் உங்கள் கையிலேயே வைத்திருங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும் காசு நட்டம் இல்லை: முதற் பஸ்ஸில் அட்டையைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரே கட்டணம்தான்.


சட்டம் படித்தவன் எழுதியது:

சாரதி ஐயா சொன்னவை சரியானவை. ஆனால் கேள்வி கேட்டவரின் கணவர் "சட்டப்படி இறங்கியே ஆக வேண்டும்" என்று சொன்னது முழுதும் சரியன்று; அதைத் தெளிவுபடுத்தவே எழுதுகிறேன். இந்தக் கேள்வி இந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

2012ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று, யார்க்‌ஷயரில் உள்ள வெதர்பியிலிருந்து லீட்ஸ் நகருக்குச் செல்ல டக் பௌலி என்பவர் தமது சக்கர நாற்காலியோடு பேருந்து ஏற வந்தார். லீட்ஸில் தொடர்வண்டி பிடித்துப் பெற்றோரைப் பார்க்கச் செல்வது அவர் திட்டம். பேருந்தில் சக்கர நாற்காலிக்கான இடத்தில் ஒரு பெண் உறங்கும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்றார். சக்கர நாற்காலி வந்தால் இடம் கொடுக்குமாறு வேண்டும் பலகை அங்கேயே இருந்தது. ஓட்டுநர் கேட்டார்; வண்டி மடங்காது என்று அந்தப் பெண் மறுத்துவிட்டார். அப்படியானால் தமது நாற்காலியை மடக்கிவிட்டுச் சாதாரண இருக்கையில் அமர்ந்துகொள்கிறேன் என்று பௌலியே முன்வந்தார். மடக்கிய நாற்காலியைப் பாதுகாப்பாகக் கட்டி வைக்க இடமில்லை என்பதால் ஓட்டுநர் அதற்கு இணங்கவில்லை. பௌலி அடுத்த பேருந்துக்குக் காத்திருந்து, தொடர்வண்டியைத் தவறவிட்டார். நம் சகோதரி எழுதியதைப் படித்தபோது, அந்தத் தீர்ப்பின் முதற் பத்திகளை மறுபடி படிப்பதாகவே உணர்ந்தேன்.

பௌலி பேருந்து நிறுவனத்தின் மீது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார். லீட்ஸ் மாவட்ட நீதிமன்றம் 2013இல் அவருக்கு 5,500 பவுண்டு இழப்பீடு அளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 டிசம்பரில் அதை மாற்றி, கேட்டுக்கொள்வதோடு நிறுவனத்தின் கடமை முடிந்தது என்பதுபோலத் தீர்ப்பளித்தது. 2017 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும், வெறுமனே ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடும் கொள்கை போதாது என்பதில் ஒன்றுபட்டார்கள். இடத்தில் இருப்பவர் நியாயமின்றி மறுக்கிறார் என்று ஓட்டுநர் கருதினால், வேண்டுகோளைக் கட்டளை போன்ற சொற்களில் மறுபடி சொல்வது, அதற்கும் அசையாவிட்டால் அந்த நபருக்கு நெருக்கடியோ வெட்கமோ ஏற்படும்படி வண்டியைச் சில நிமிடங்கள் எடுக்காமலே நிறுத்தி வைப்பது போன்ற அடுத்த படிகளை அவர் எண்ணிப்பார்க்க வேண்டும் என்றார்கள். (வெட்கப்படுத்துவதை ஒரு நடைமுறையாக உச்ச நீதிமன்றமே பரிந்துரைத்தது என்பது எனக்கு இன்றும் சுவையான செய்தி.) ஆனால் இழப்பீட்டை மீட்டுத் தரவில்லை, அதில் நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமும் பிரிந்தார்கள்.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், சட்டம் நேரடியாகப் பொறுப்பாக்குவது பேருந்து நிறுவனத்தையே. தாயை வண்டியோடு கீழே இறக்கிவிடும் முழு உரிமை ஓட்டுநருக்கு இருக்கிறது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஓட்டுநர்களுக்கும் பயணிகளுக்குமான 1990ஆம் ஆண்டின் நடத்தை விதிகளும் நுட்பமான ஒரு வேறுபாட்டைச் செய்கின்றன: இடத்தில் இருப்பவரோ அவர் பொருள்களோ எளிதாகவும் நியாயமாகவும் பேருந்தின் இன்னொரு பகுதிக்கு நகர முடியும் என்றால், அந்த இடம் காலியாக இருப்பதாகவே கொள்ளப்படும். "பேருந்தின் இன்னொரு பகுதிக்கு" என்ற சொற்களைக் கவனியுங்கள். கீழே இறங்குவதைப் பற்றி அங்கே பேச்சில்லை. உட்காரக் காலி இருக்கை இருந்து, வண்டியும் மடங்கும் என்றால் நீங்கள் மறுக்க நியாயம் இல்லை. பேருந்து நிரம்பி, வண்டியும் மடங்காது என்றால் நிலைமை வேறு. அன்று இருக்கைகள் காலியாக இருந்தனவா என்பதைச் சகோதரி எழுதவில்லை.


நீலப் பொத்தான் எழுதியது:

என் பெயருக்குப் பொருள் புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் இறங்குவதற்கு முன் அழுத்தும் பொத்தான் நீல நிறத்தில் இருக்கும். பதினொரு ஆண்டுகளாக அதை நாள்தோறும் அழுத்துகிறேன்.

சட்டம் படித்த தம்பி அழகாக விளக்கினார். ஆனால் நிறுத்தத்தில் இருப்பவளுக்கு 2017ஆம் ஆண்டின் தீர்ப்பு கையில் இருக்காது. மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் உறைதான் இருக்கும். பேருந்து வருகிறது. முதலில் உள்ளே தள்ளுவண்டி தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் அந்த நொடியிலேயே வயிற்றுக்குள் ஏதோ இறுகும். ஓட்டுநர் கதவைத் திறப்பாரா, கேட்பாரா, கேட்டால் உள்ளே இருப்பவர் என்ன முகத்தோடு என்னைப் பார்ப்பார் என்று மூன்று தேர்வுகளை ஒரே சமயத்தில் எழுதுவது போல இருக்கும். ஒரு பேருந்து போனால் பத்து நிமிடம்தானே என்பார்கள். அடுத்த பேருந்திலும் ஒரு தள்ளுவண்டி இருந்தால்? கடந்த குளிர்காலத்தில் ஒரு மாலை, மூன்றாவது பேருந்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. வேலைக்குத் தாமதமாகப் போனால் காரணம் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே காரணத்தைச் சொல்பவளை மேலாளர் எப்படிப் பார்ப்பார் என்று எண்ணிப்பாருங்கள்.

இன்னொரு செய்தியையும் தாய்மார் அறிந்திருக்க வேண்டும். உயரமான படிகள் கொண்ட பழைய பேருந்துகள் ஓடிய காலத்தில், தள்ளுவண்டியை விரித்தபடி யாரும் ஏற்றியதில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியை மடக்கித் தூக்கிப் படியேறினார்கள். 1990களில் இந்த நகரத்தின் தெருக்களில் மாற்றுத்திறனாளிகள் தங்கள் கைகளைப் பேருந்துகளோடு விலங்கிட்டுப் பூட்டிக்கொண்டு போராடினார்கள். எங்களைப் போன்றோர் ஏற முடியாத வண்டிக்குப் பொதுப் போக்குவரத்து என்று பெயர் வைக்காதீர்கள் என்பதே அவர்கள் வாதம். அதன் பிறகு சட்டங்கள் வந்தன, தாழ்தளப் பேருந்துகள் வந்தன. 2005ஆம் ஆண்டு முடிவதற்குள் லண்டனின் வழக்கமான தடங்கள் எல்லாவற்றிலும் தாழ்தளப் பேருந்துகளே ஓடின. படியும் போயிற்று, நடுவில் அகன்ற இடமும் வந்தது. அந்த வசதி தாய்மாருக்கும் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த இடத்தைக் கேட்டு வாங்கியவர்கள் யார் என்பது இருபது ஆண்டுகளில் மறந்துபோய், நான் ஏறும்போது குழந்தையின் இடத்தைப் பறிப்பவளைப் போலப் பார்க்கப்படுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.


இரட்டையர் தந்தை எழுதியது:

அக்காவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள். இருவருக்குமான வண்டியை மடக்க வேண்டுமானால் இருவரையும் வெளியே எடுக்க வேண்டும்; ஓடும் பேருந்தில் இரண்டு குழந்தைகளையும் மடக்கிய வண்டியையும் ஒரே ஆள் பிடித்துக்கொண்டு நிற்பது நடக்கிற காரியம் அல்ல. ஆகவே என் மனைவி ஒவ்வொரு முறையும் இறங்கித்தான் விடுகிறார். டிசம்பர் மாத இருட்டில், இரண்டு மாதக் குழந்தைகளோடு, கூரையில்லாத நிறுத்தத்தில் இறங்கி நின்றிருக்கிறார். அவரும் யாரோடும் சண்டை போடவில்லை.

என் கோபம் பேருந்தை வடிவமைத்தவர்கள் மீதுதான். விதிமுறை குறைந்தபட்சம் ஒரு சக்கர நாற்காலி இடம் என்றது; பெரும்பாலான வண்டிகளில் அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். நூறு பேர் ஏறும் வண்டியில் சக்கரம் உள்ள எதற்கும் இடம் அந்த ஒன்றரை மீட்டருக்குள்தான். பிறகு தாயையும் சக்கர நாற்காலியில் இருப்பவரையும் நேருக்கு நேர் நிறுத்திவிட்டு, மரியாதையைப் பற்றி அறிவிப்பு ஒட்டுகிறார்கள். கீழ்த்தளத்தில் நான்கு இருக்கைகளை எடுத்துவிட்டு இன்னோர் இடம் விட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.


நீலப் பொத்தான் எழுதியது:

தம்பி, இரண்டாவது இடம் வேண்டும் என்பதில் உங்களோடு கையெழுத்துப் போட நான் முதல் ஆளாக வருவேன். என் தோழியும் சக்கர நாற்காலியில்தான் செல்கிறாள். இருவரும் ஒரே பேருந்தில் சேர்ந்து போனதே கிடையாது. ஒருத்தி முன்னால் போய்ச் சேர்ந்து மற்றவளுக்காகக் காத்திருப்பாள். இரண்டாவது இடம் வரும் வரையில் இருக்கிற ஒன்று யாருக்கு என்பதில் மட்டும் ஐயம் வேண்டாம். உங்கள் மனைவி இறங்கிய நாள்களில், ஏறியவருக்கு அவர் செய்தது எவ்வளவு பெரிது என்று தெரிந்திருக்கும். நானாக இருந்திருந்தால் நிச்சயம் தெரிந்திருக்கும்.


சிறப்பு வண்டிக்காரி எழுதியது:

இந்தப் பேச்சில் விடுபட்ட ஒன்றைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். என் மகனுக்கு ஐந்து வயது. தானாக உட்கார இயலாது. அவன் செல்லும் வண்டி பார்ப்பதற்குச் சற்றுப் பெரிய தள்ளுவண்டி போலவே இருக்கும், ஆனால் அது அவனுடைய சக்கர நாற்காலி. தலையையும் இடுப்பையும் தாங்கும் பட்டைகள் அதில் உள்ளன. அதை மடக்கினால் அவனை எங்கும் உட்கார வைக்க முடியாது. "இவ்வளவு பெரிய பையனை நடக்கவிடக் கூடாதா?" என்று நம் ஊர்க்காரர் ஒருவரே தமிழில் கேட்டார். எனக்குத் தமிழ் தெரியாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆகவே மடக்கச் சொல்லும் முன், மடக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரே கேள்விதான், ஆனால் பதில் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கும்.


முன்னிருக்கை எழுதியது:

சக்கர நாற்காலி இடத்தைப் பற்றிப் பேசும்போது அதன் அருகில் உள்ள முன்னுரிமை இருக்கைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத நோய் உள்ளவர்களுக்காக, இருக்கை கேட்டு அணிந்துகொள்ளும் நீல நிறச் சட்டைச் சின்னம் 2017 முதல் லண்டனில் இலவசமாகக் கிடைக்கிறது. கருவுற்ற பெண்களுக்கான வெள்ளைச் சின்னம் அதற்கும் முன்பே உண்டு. நான் அந்த நீலச் சின்னத்தை அணிந்து ஏறினால் பள்ளிப் பிள்ளைகள்கூட எழுந்துவிடுகிறார்கள். எழாதவர்கள் யாரென்றால், முருங்கைக்காய் தலை நீட்டும் பையை அடுத்த இருக்கையில் அமர்த்திவிட்டுத் தொலைபேசியில் உறவினரோடு பேசிக்கொண்டுவரும் நம் அத்தைமார்தான். சின்னத்துக்கு என்ன பொருள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.


இளைப்பாறிய சாரதி எழுதியது:

முருங்கைக்காய்ப் பையை நானும் பார்த்திருக்கிறேன். இலங்கையில் பஸ்ஸின் முன்னிருக்கை மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கும். அங்கே சனம் நிரம்பி வழிந்தாலும் ஒரு பிக்குவோ குருவோ ஏறினால் சொல்லாமலே எழும்புவோம். அங்கே எழும்பிப் பழகிய அதே மனிதர்கள்தான் இவர்களும். எழும்பத் தெரியாதவர்கள் அல்லர். யாருக்காக எழும்ப வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது, அவ்வளவுதான். அந்தச் சின்னத்தைப் பற்றிக் கோயில் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒரு தாள் ஒட்டினால் நல்ல பயன் இருக்கும்.

இரட்டையர் தந்தைக்கு ஒரு சொல்: இரண்டு பிள்ளைகளோடு வரும் தாயைச் சாரதி இறக்கிவிடக் கூடாது என்பதே என் எண்ணம். ஒற்றை வண்டிக்காரர் யாராவது மடக்கினால் இரட்டை வண்டியை ஓரமாக நகர்த்தி இடம் பண்ண முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். நடைபாதையை அடைத்து நிறுத்த மட்டும் எந்தச் சாரதியும் விட மாட்டார். நெருப்போ விபத்தோ என்றால் எல்லோரும் வெளியேற வேண்டிய வழி அது.


மழைக்காலத் தாய் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சட்டம் படித்தவர் கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்: இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. எனக்கு நேர் பின்னால் இரண்டு இருக்கைகள். அதை முதற் பதிவில் எழுதாமல் விட்டது மறதியால் அன்று என்பதை இப்போது உணர்கிறேன்.

நேற்று மாலை கூடத்தில் வண்டியை மடக்கிப் பழகினேன். இடுப்பில் குழந்தைக்குப் பதிலாக ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டேன். மாமியார் கடிகாரம் பார்த்தார். முதல் முறை இரண்டு நிமிடமும், ஆறாவது முறை இருபத்தைந்து நொடியும் ஆயின. சாமான்களுக்குத் தோளில் மாட்டும் பை வாங்கிவிட்டேன். மாமியார் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் நீலப் பொத்தான் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டியபோது, "மூணாவது பஸ்லயா ஏறுச்சு அந்தப் புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

ஒரே ஓர் ஐயம் பாக்கி இருக்கிறது. நான் மடக்கத் தொடங்கும்போதே அன்று போல அவர் "பரவாயில்லை, அடுத்ததில் வருகிறேன்" என்று சொன்னால் என்ன செய்வது? அவர் விருப்பத்தை மீறி வற்புறுத்துவதும் மரியாதைக் குறைவாகிவிடாதா?


நீலப் பொத்தான் எழுதியது:

அந்தச் சொல்லை நான் நூறு முறையாவது சொல்லியிருப்பேன் என்பதால் இதற்கு நானே பதில் சொல்கிறேன். பேருந்தில் இருக்கும் நாற்பது முகங்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க எனக்கிருக்கும் மிக விரைவான வழி அது. விருப்பத்தால் சொல்வதன்று, உங்களை விடுவிப்பதற்காகவும் என்னை விடுவித்துக்கொள்வதற்காகவும் சொல்வது. ஆகவே பதில் பேசாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பூட்டை விடுவியுங்கள். அந்தச் சத்தம் வெளியே எங்களுக்குக் கேட்கும்.